பம்ப் ஹவுஸில் நின்ற முப்பத்தொரு பேர்

— சரி, தொட்டியில தண்ணி என்ன கலர்ல இருந்தது?

— இதென்னடி கேள்வி, ப்ரியம்வதா? நீலம். நல்ல நீலம். நாலு மணிக்கு நாச்சாரம் பிரஸ்லேருந்து ஆள் வரான். மலர் புரூஃப்ல முப்பத்தொண்ணாம் பக்கத்தைப் பார்த்துட்டு சரின்னு ஒரு வார்த்தை சொல்லுவியா, அதை விட்டுட்டு கலர் கேட்டுண்டிருக்கே.

— நீங்க மட்டும் நீலம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன், கிட்டு அண்ணா. நம்ம மௌலா அலி காலனி பொன்விழா மலருக்கு எழுதி அனுப்பினவாள்ல முப்பத்தொரு பேர், நான் அஞ்சு வயசுல தொட்டியில விழுந்த கதையை எழுதியிருக்கா. முப்பத்தொரு பேரும் நீலம்கறா.

— ஹவ், ஆமா! எல்லாரும் பார்த்திருக்கா, எல்லாரும் ஒண்ணையே சொல்றா. அதான் மேட்டர். ஒரு எடிட்டருக்கு இதைவிட என்ன வேணும்?

— அது பம்ப் ஹவுஸுக்குள்ள, தரைக்கு அடியில இருக்கற தொட்டி. ஜன்னல் கிடையாது. காலம்பற போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கன்னங்கரேல்னு இருக்கு.

— முப்பத்தெட்டு வருஷத்துல பாசி பிடிச்சிருக்கும்.

— பாசி பிடிச்சா பச்சையா இருக்கும். அதை விடுங்கோ. அந்த ரூம் எவ்வளவு பெரிசுன்னு ஞாபகம் இருக்கா? மோட்டார் போக மூணு பேர் நிக்கலாம். நாலாவது ஆள் வயித்தை எக்கிண்டு நிக்கணும். முப்பத்தொரு பேர் எங்கேருந்து பார்த்தா?

— வாசல்லேருந்து எட்டிப் பார்த்திருப்பா. ஏன், நான் பார்க்கலையா? இப்பவும் கண் முன்னாடி நிக்கறது. ராஜகோபால் மாமா செருப்பைக்கூடக் கழட்டாம குதிக்கறார். உன்னைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கறார். பக்கத்தாத்து ஜலஜா மாமி "குழந்தை, குழந்தை"ன்னு கத்தறா. இந்தப் பக்கம் பம்ப் ஆபரேட்டர் யூசுப் பாய், தொட்டி மூடியைத் திறந்து போட்டுட்டு, குறட்டை விட்டுத் தூங்கிண்டிருக்கார்.

— இந்தப் பக்கம்னா எந்தப் பக்கம்?

— இடது பக்கம்.

— அதேதான். மாமா வலது பக்கத்துலேருந்து ஓடி வந்தார், யூசுப் பாய் இடது பக்கம் தூங்கினார். எல்லாரும் அப்படியே எழுதியிருக்கா. எழுதினவாள்ல ஜெயராம் மாமா வீடு பம்ப் ஹவுஸுக்குப் பின்னாடி. பிரசாத் வீடு முன்னாடி. ஆளுக்கு ஒரு பக்கத்துலேருந்து ஓடி வந்திருந்தா, ஒருத்தருக்கு இடதா இருக்கறது இன்னொருத்தருக்கு வலதா இருக்கணுமா இல்லையா?

— நீ ஹைடெக் சிட்டில சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்றவன்னு தெரியும். அதுக்காகக் காலனிக்காரா தலையை எல்லாம் டெஸ்ட் பண்ணணுமா? கைக்கு, எதுக்கு உனக்கு இந்த வேலை?

— கைக்குன்னா, நாளைக்கு மேடையில ராஜகோபால் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போறவ நான். பார்க்குக்கு அவர் பேரை வெச்சுக் கல்லு திறக்கப் போறேள். "என் உயிரைக் காப்பாத்தினவர் இவர்தான்"னு ஐநூறு பேர் முன்னாடி மைக்ல சொல்லப் போறேன். அது நிஜமான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?

— நிஜமாவா! ஏண்டி, உனக்கே ஞாபகம் இருக்குன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கே?

— அதுதான் அண்ணா உறுத்தறது. எனக்கும் ஞாபகம் இருக்கு. மஞ்சள் கவுன் போட்ட குழந்தை கையையும் காலையும் உதைச்சுக்கறது. மாமா தூக்கறார். சுத்தி நீலமா தண்ணி. எல்லாம் தெரியறது. ஆனா நான் அந்தக் குழந்தையை வெளியிலேருந்து பார்க்கறேன். உள்ள மூழ்கிண்டிருக்கறவ தன்னையே எப்படி வெளியிலேருந்து பார்ப்பா?

— கனவுல பார்க்கறதில்லையா, அந்த மாதிரி.

— அப்படித்தான் நானும் சமாதானம் சொல்லிண்டேன். நேத்து மலரோட புரூஃப் அனுப்பினேளே, அதைப் படிக்கற வரைக்கும். பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கோ.

— அது மாமாவோட இன்னொரு கட்டுரை. பம்பாய்ல டிரெய்னிங் எடுத்துண்டது. அங்க சாப்பாட்டுக்கு அலைஞ்சது, மழை வரதுக்குள்ள ஊர் திரும்பினது. நல்லா எழுதியிருக்கார்.

— எந்த மாசம்னு போட்டிருக்கு?

— எண்பத்தேழு மே மாசம் முழுக்க...

— நான் தொட்டியில விழுந்தது?

— எண்பத்தேழு மே பதினாலு. முப்பத்தொண்ணாம் பக்கத்துல கொட்டை எழுத்துல நானே போட்டிருக்... அடக் கடவுளே.

— ரெண்டு பக்கத்துக்கும் புரூஃப் பார்த்தது நீங்கதானே?

— ரெண்டு தடவை பார்த்தேன்டி! ஒரு ஒற்று விடாம பார்த்தேன். இது கண்ணுல படலையே. அப்போ மாமா பொய் சொல்றாரா? எண்பத்து மூணு வயசுல, அந்த மனுஷனா?

— பொய்யே இல்லை. காலம்பற அவாத்துக்குப் போனேன். தண்ணி எப்படி ஜில்லுன்னு இருந்ததுன்னு சொல்றப்போ அவருக்கு மயிர்க்கூச்செடுத்தது. பம்பாயைப் பத்திக் கேட்டேன், அதையும் அதே மாதிரி சொன்னார். மாமா, ரெண்டும் ஒரே மாசம்னா வருதுன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம் "அது எப்படிம்மா?"ன்னு என்னைக் கேக்கறார். எனக்கு அழுகை வந்துடுத்து.

— கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஒருத்தருக்குத் தப்பா ஞாபகம் இருக்கலாம். வயசாச்சு. முப்பத்தொரு பேருக்கு எப்படி ஒரே தப்பு வரும்?

— அதுதான் எனக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. எங்க ஆபீஸ்ல பத்து மெஷின்ல ஒரே தப்பு வந்தா, பத்தும் தனித்தனியா கெட்டுப்போச்சுன்னு நினைக்க மாட்டோம். எங்கேயோ ஒரு இடத்துலேருந்து பத்துக்கும் காப்பி ஆகியிருக்கும். அந்த ஒரு இடத்தைத் தேடுவோம்.

— வம்புதான். இந்தக் காலனில ஒரு ஆத்துல பால் பொங்கினா நாலு தெரு தள்ளி வாசனை பிடிப்பா. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சொல்லி...

— வாயால போனா மாறிண்டே போகும், அண்ணா. ஒருத்தர் மஞ்சள்னா அடுத்தவா பச்சைம்பா. இது மாறவே இல்லையே. கலர் மாறலை, பக்கம் மாறலை, ஜலஜா மாமி கத்தினது ரெண்டே தடவைங்கறதுகூட மாறலை. இது காதால கேட்டது இல்லை. எல்லாரும் ஒரே இடத்துல, ஒரே பக்கம் பார்த்து உக்காந்துண்டு, கண்ணால பார்த்தது.

— உக்காந்துண்டா?

— நாளைக்குக் கண்காட்சில வெக்க நீங்க போட்டோ சேர்த்தேளே, அதுல ஒண்ணு. இதைப் பாருங்கோ. மஞ்சள் கவுன்ல யாரு?

— மாதங்கி. ஜெயராம் மாமா பொண்ணு.

— அவளைத் தூக்கிண்டு நிக்கறது?

— ராஜகோபால் மாமா. இது தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா. எண்பத்தெட்டு. நான் எழுதின நாடகம்னா இது! இதோ பார், கீழ நீலமா இருக்கே, ஷாமியானாக்காரன் கொடுத்த துணி. ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடிச்சுண்டு ஆட்டினா, தண்ணி மாதிரியே...

— என்ன அண்ணா, நின்னுட்டேள்?

— நீலம்.

— மேடைல வலது பக்கத்துலேருந்து மாமா வந்தார். இடது பக்கம் பிரசாத், ஆபரேட்டர் வேஷத்துல. காலனியே எதிர்ல ஜமக்காளத்துல உக்காந்து பார்த்தது. என்னை நடிக்க விட மாட்டேன்னு அம்மா சொல்லிட்டா. நான் அம்மா மடில உக்காந்து மாதங்கி மூழ்கறதைப் பார்த்துண்டிருந்தேன். எங்காத்துப் பெட்டியைத் துழாவிப் பார்த்துட்டேன், என்கிட்ட மஞ்சள் கவுனே இருந்ததில்லை.

— இரு, இரு. நாடகம் பார்த்தா, சரி. ஆனா நாடகத்துல இருந்தது நிஜத்துல நடந்ததுதானே? நான் ஒண்ணும் கற்பனை பண்ணலை. நேர்ல பார்த்ததைத்தான் எழுதினேன். நான் அங்க நின்னேன், ப்ரியம்வதா. சத்தியமா நின்னேன்.

— உங்க கூடப்பிறந்த சகுந்தலா அக்கா கல்யாணம் எப்போ நடந்தது?

— அவ கல்யாணத்தை இப்போ எதுக்குடி இழுக்கறே?

— சொல்லுங்கோளேன்.

— கும்பகோணத்துல. எண்பத்தேழு. மே பதினஞ்சு காலம்பற முகூர்த்தம். நான் ஒருத்தன்தானே பிள்ளை, ஒரு வாரம் முன்னாடியே போய் பந்தல்காரன், சமையல்காரன் பின்னாடி ஓடி... பதினாலு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நான்தான் காருக்குப் பூ வாங்கிண்டு...

— அண்ணா, தண்ணி குடிக்கறேளா?

— நக்கோடி, வேண்டாம். கொஞ்சம் சும்மா இரு. நான் கும்பகோணத்துல இருந்தேன். பூக்கடைக்காரனோட சண்டை போட்டேன். அது நன்னா ஞாபகம் இருக்கு. இதுவும் நன்னா ஞாபகம் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான் நிஜம்னா, ஒண்ணு மங்கலாவாவது இருக்க வேண்டாமா? ரெண்டும் பளிச்சுன்னு இருக்கே!

— மாமாவுக்கும் அப்படித்தான். எனக்கும்தான்.

— கடைசி வரிசைல நின்னு நாடகம் பார்த்தேன். எழுதினவன் வேற எங்க நிப்பான்? அதைத்தான் நான் பம்ப் ஹவுஸ்ல நின்னதா... அப்போ நிஜத்துல உன்னைத் தூக்கினது யாரு?

— அந்தக் கண்காட்சிப் பெட்டில பழைய ரிஜிஸ்டர் ரெண்டு இருக்கு. நீங்க அட்டை நன்னா இருக்குன்னு எடுத்து வெச்சிருக்கேள், உள்ள திறக்கலை. ஒண்ணு டிஸ்பென்சரி ரிஜிஸ்டர். மே பதினாலு, மூணு இருபது. பெண் குழந்தை, வயசு அஞ்சு, தண்ணீரில் விழுந்தது. கொண்டு வந்தவர், முகமது யூசுப், பம்ப் ஆபரேட்டர்.

— யூசுப் பாயா!

— அடுத்த வரிலேயே, அவருக்கு வலது முழங்கைல வெட்டுக்காயம், அஞ்சு தையல். தொட்டி விளிம்புல கிழிச்சிருக்கணும்.

— அவர் தூங்கிண்டுன்னா இருந்தார்?

— யார் சொன்னா?

— எல்லாரும்... நான்... முதல் சீன்ல ஒரு சிரிப்பு வேணும்னு பிரசாத் சொன்னான். எடுத்த எடுப்பிலேயே குழந்தை மூழ்கினா ஜனங்க எழுந்து போயிடுவான்னு. சரி, ஆபரேட்டர் தூங்கறான்னு போடுவோம்னு நான்தான். பிரசாத் குறட்டை விட்டு, கொசு அடிச்சு, தூக்கத்துலேயே சலாம் வெச்சு... அஞ்சு நிமிஷ சீனைப் பதினஞ்சு நிமிஷம் இழுத்தான். காலனியே உருண்டு புரண்டு சிரிச்சது.

— காப்பாத்தறவரா மாமாவை ஏன் போட்டேள்?

— ஆபரேட்டர் வேஷத்துக்கு யூசுப் பாயையே நடிக்கக் கேட்டேன். ஷிப்ட் இருக்கு, எனக்கு மேடைன்னா கூச்சம்னுட்டார். கல்யாணத்துலேருந்து நான் திரும்பி வந்தப்போ யார் குதிச்சான்னு ஒருத்தருக்கும் சரியா தெரியலை. "யாரோ குதிச்சுத் தூக்கினா"ன்னு சொன்னா. சரி, ஒரு ஆபீசர்னு வெச்சுண்டேன். மாமாவுக்குக் குரல் நன்னா இருக்கும். அவ்வளவுதான்டி. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லை.

— தெரியும், அண்ணா.

— ஆபரேட்டர்கள் ரீடிங்கை எல்லாம் முன்கூட்டியே எழுதி வெச்சுட்டுத் தூங்கறதும் உண்டு. நான் டிராயிங் ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவன், பார்த்திருக்கேன். நிஜமாவே தூங்கியிருந்தா?

— நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். அதுக்குத்தான் ரெண்டாவது ரிஜிஸ்டர், பம்ப் ஹவுஸோடது. ரெண்டு நாப்பதுக்கு கரண்ட் போச்சு, மூணு அஞ்சுக்கு வந்தது, மோட்டார் போட்டாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். கரண்ட் எப்போ போகும்னு யாரால முன்கூட்டியே எழுத முடியும்? மூணு இருபதுக்கு நான் டிஸ்பென்சரில இருக்கேன். நடுவுல பதினஞ்சே நிமிஷம். அதுக்குள்ள நான் விழுந்து, அவர் எடுத்து, அரை கிலோமீட்டர் தூக்கிண்டு ஓடியிருக்கார்.

— மூடி?

— அன்னிக்குக் காலம்பற வெல்டிங்குக்கு எடுத்துண்டு போயிட்டா. "தொட்டி திறந்திருக்கு, பலகை அனுப்பவும்"னு ரெண்டு தடவை எழுதி வெச்சிருக்கார், பத்து மணிக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு. பலகை வரலை.

— ஐயோ. அந்த மனுஷனை என்ன பாடு படுத்தினோம் தெரியுமோ? சைக்கிள்ல போனா "என்ன யூசுப் பாய், முழிச்சிண்டிருக்கேளா?"ன்னு கேப்போம். சின்னப் பசங்க குறட்டை விட்டுக் காட்டும். விளையாட்டாத்தான். ரெண்டு வருஷம் பார்த்தார், அப்புறம் அவரே மாத்தல் கேட்டு சனத்நகர் பக்கம் போயிட்டார்.

— நாடகத்துல அந்தச் சீன் வந்தப்போ அவர் இருந்தாரா?

— முன் வரிசைல உக்கார வெச்சேன், பொண்டாட்டி குழந்தைகளோட. முதல்ல அவரும் சிரிச்சார். அப்புறம் நான் பார்க்கலை.

— எங்கம்மா பாதில எழுந்துட்டா. மாமா குழந்தையைத் தூக்கினதும், என்னை இடுப்புல வெச்சுண்டு விடுவிடுன்னு ஆத்துக்கு நடந்தா. பயத்துல போறான்னு எல்லாரும் சொன்னா. இப்போதான் புரியறது. டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தவ அவ. யார் சட்டை ஈரமா இருந்ததுன்னு அவளுக்குத் தெரியும்.

— தெரிஞ்சவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— மாமா எங்கப்பாவுக்கு மேலதிகாரி. நாடகம் முடிஞ்சு காலனியே அவருக்குக் கை தட்டறது. அம்மா யார்கிட்ட போய்ச் சொல்லுவா? சொல்லிப் பார்த்தாளோ என்னமோ. கேக்கறதுக்கு இப்போ அவளும் இல்லை. எனக்கு அவ மேல கோபமா வருது, அண்ணா. பாவமாவும் இருக்கு.

— பிரஸ்காரன் போன் பண்றான். என்ன சொல்லட்டும்?

— நாளைக்குக் காலம்பற வரச் சொல்லுங்கோ. யூசுப் பாய் இப்போ எங்க இருக்கார்?

— மல்லாபூர்ல, பிள்ளையோட. பிரசாத் எப்பவாவது பார்ப்பான், நம்பர் என்கிட்ட இருக்கு. ஆனா நான் என்ன மூஞ்சியை வெச்சுண்டு பேசுவேன்? நீ பேசு.

— ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களும் இருங்கோ... ஹலோ, யூசுப் பாயா? நான் ப்ரியம்வதா பேசறேன். மௌலா அலி காலனில இருந்த ப்ரியம்வதா. அன்னிக்குத் தொட்டியில விழுந்த...

— பாப்பாவா! யா அல்லா! நல்லா கீறியாமா? எத்தினி வயசு ஆவுது உனக்கு?

— நாப்பத்தி மூணு, பாய்.

— நாப்பத்தி மூணா! எனக்கு நீ இன்னும் அம்மா இடுப்புலதான் கீற. புள்ளைங்க இருக்குதா?

— ஒரு பையன், பாய். பாய், இங்க கிட்டு அண்ணாவும் இருக்கார்.

— டிராமா கிட்டு சாரா? சலாம் சார், சலாம். நல்ல டிராமா போட்டீங்க சார் அந்த வருசம். எங்க வாணியம்பாடியில கூட அப்படி ஒரு டிராமா நான் பார்த்ததில்ல.

— யூசுப் பாய், நான்... நீங்க என்னை மன்னிக்கணும்.

— அய்ய, இன்னா சார் பெரிய வார்த்தை எல்லாம் பேசறீங்க? நீங்க இன்னா பண்ணீங்க என்னை?

— பாய், நான் நேரா கேக்கறேன். அன்னிக்கு என்னைத் தண்ணியிலேருந்து தூக்கினது நீங்கதானே?

— ...ஆமாம்மா.

— டிஸ்பென்சரிக்குத் தூக்கிண்டு ஓடினதும்?

— ஆமா. கையில ரத்தம் வந்ததே டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. நீ அழுவறியா அழுவறியான்னு அதையே பார்த்துக்கினு ஓடினேன். டிஸ்பென்சரி கேட்டுகிட்ட வந்ததும் ஒரு சவுண்டு வுட்ட பாரு, அப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு.

— எனக்கு அது எதுவும் ஞாபகம் இல்லை, பாய். நாளைக்கு இங்க விழா. நீங்க வரணும். நான் வண்டி அனுப்பறேன். உங்களுக்குத்தான் பொன்னாடை போர்த்தப் போறேன். எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்.

— நக்கோமா, நக்கோ. அதெல்லாம் ராஜகோபால் சாருக்கே போடுங்க. பெரிய மனுசன், சந்தோசப்படுவாரு. நான் வர மாட்டேன்.

— ஏன் பாய்? முப்பத்தெட்டு வருஷமா நீங்க பண்ணினதை வேற ஒருத்தர் பண்ணினதா எல்லாரும் சொல்றா. நீங்க ஒரு தடவைகூட, அது நான்தான்னு சொல்லலையே. ஏன்?

— எந்த மூஞ்சியை வெச்சுக்கினு சொல்லுவேன்? தூக்கினவன் நானா இருந்தா, உள்ள வுழ வுட்டவனும் நான்தானேமா. முழிச்சினு இருந்திருந்தா நீ கிட்டயே வந்திருக்க மாட்ட. தினம் தொழுகையில உன் பேரைச் சொல்லி மாப்பு கேக்கறேன்.

— நீங்க தூங்கலை பாய்! ரிஜிஸ்டர் என் கைல இருக்கு. மூணு அஞ்சுக்கு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேள். மூடி இல்லை, பலகை வேணும்னுகூட ரெண்டு தடவை எழுதியிருக்கேள். உங்க மேல ஒரு தப்பும் இல்லை!

— ரிஜிஸ்டர்ல ஆயிரம் இருக்கும்மா. நான் தூங்கினது எனக்குத் தெரியாதா? வாயைப் பொளந்துக்கினு தூங்கினேன், குறட்டை வுட்டேன், சுத்தி அத்தினி ஜனம் உக்காந்து கை தட்டிச் சிரிச்சுது. இன்னிக்கும் கண்ணை மூடினா அந்தச் சிரிப்பு கேக்குது.